சந்தா 399 ரூபாய் 549 ஆகிறது: கட்டுவதா, நிறுத்துவதா?

குளச்சலிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கணவருக்குக் குவைத்தில் வேலை. மகன் பிளஸ் ஒன். இரண்டு வருடமாக ஓர் ஆன்லைன் விளையாட்டுக்கு மாதம் 399 ரூபாய் சந்தா இவருடைய கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம் முதல் 549 என்று அறிவித்துவிட்டார்கள். விளையாடுகிறவர்கள் “ஒருத்தரும் கட்டாதீங்க, எல்லாரும் கேன்சல் பண்ணுங்க” என்கிறார்களாம். உருவாக்கிய நிறுவனம் “சர்வர் செலவு தாங்கவில்லை” என்கிறதாம். மகனோ, “மார்த்தாண்டத்துல ஒரு கடையில 1,500 ரூபாய்க்கு ஒரு வருஷம் போட்டுத் தருவாங்கம்மா” என்று நச்சரிக்கிறான். இவர் கேட்பது: யார் சொல்வது சரி? அந்தக் கடையில் போடலாமா? எதுவும் வேண்டாமென்று கேமை போனிலிருந்து அழித்துவிட்டால் பணம் போவது நின்றுவிடுமா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். பணம் வீணாகப் போவது அங்கேதான்.

அம்மா, கேமை அழித்தால் சந்தா நிற்காது. போனையே மாற்றினாலும் நிற்காது. நீங்கள் என்றைக்கோ யுபிஐ பின் போட்டுக் கொடுத்த அனுமதியில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. பால்காரரிடம் “நாளையிலிருந்து வேண்டாம்” என்று சொல்லாமல் பாத்திரத்தை மட்டும் உள்ளே எடுத்து வைத்தால் மாதக் கணக்கு நின்றுவிடுமா? அப்படித்தான் இதுவும்.

உங்கள் யுபிஐ செயலியைத் திறந்தால் ‘ஆட்டோபே’ என்று ஒரு பகுதி இருக்கும். அதில் விளையாட்டின் பெயரைத் தேடாதீர்கள். பெரும்பாலும் கூகுள் பிளே என்றுதான் இருக்கும். அதைத் தொட்டால் அடுத்துப் பணம் எடுக்கும் தேதியும், எடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகையும் தெரியும். இந்த அதிகபட்சத் தொகையைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 399 ரூபாய் சந்தாவுக்கு 5,000 வரை எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்து வைத்திருந்த அனுமதிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அனுமதி சரியாக 399-க்கு மட்டும் என்றிருந்தால் 549 அதில் நுழைய முடியாது. புதிதாக உங்களிடம் கேட்டே ஆக வேண்டும். 5,000 வரை என்றிருந்தால் அனுமதியின் பக்கத்திலிருந்து எந்தத் தடையும் வராது.

“ஓடிபி வருமே, அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று இருந்துவிடாதீர்கள். மாதாமாதம் தானாகப் போகும் பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் தடவை அனுமதி கொடுக்கும்போது உறுதி செய்தால் போதும். அப்புறம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதில்லை. இந்தச் சலுகைக்கு அப்போது 5,000 ரூபாய் வரம்பு இருந்தது. 2022 ஜூனில் 15,000 ஆக்கினார்கள். 549 எல்லாம் அதற்குள் சத்தமில்லாமல் போய்விடும். பதிலுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: பணம் எடுப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னாலேயே யார், எவ்வளவு, எந்தத் தேதியில் எடுக்கப்போகிறார்கள் என்று தகவல் வர வேண்டும். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் வேண்டாமென்று நிறுத்தலாம்.

நல்ல விதி. ஆனால் அந்தத் தகவல் எந்த எண்ணுக்குப் போகிறது? வங்கிக் கணக்கில் பதிந்திருக்கும் எண்ணுக்கு. நம் குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் அது கணவரின் எண். அந்த சிம் இப்போது குவைத்தில், அவர் பெட்டிக்குள் கிடக்கலாம். அப்படியே உங்கள் கைக்கு வந்தாலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும், பத்து விளம்பரக் குறுஞ்செய்திகளுக்கு நடுவில். பாஸ்புக்கில் தமிழில் கையெழுத்து போட்ட ஒரு பெண்ணுக்கு எச்சரிக்கையை மட்டும் ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டு “தெரிவித்துவிட்டோம்” என்று கோப்பை மூடுவது எந்த ஊர் நியாயம்? வருடக்கணக்கில் இதை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இந்த வாரமே வங்கிக் கிளைக்குப் போய் உங்கள் எண்ணை இணைத்துவிடுங்கள்.

சரி, நிறுவனத்துக்கும் விளையாடுகிறவர்களுக்கும் நடக்கும் சண்டைக்கு வருவோம். திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் ஒரு கேம் நிறுவனத்தின் சந்தா வசூல் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தவன் நான். குழித்துறையில் காலை ரயிலேறி, போகும் வழியெல்லாம் விளையாடுகிறவர்களின் வசவுகளை வாசித்துக்கொண்டே போவேன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

நிறுவனம் சொல்வதில் உண்மை இருக்கிறது. 549 ரூபாயும் அவர்களுக்குப் போவதில்லை. அதற்குள் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது, ஏறக்குறைய 84 ரூபாய். மீதியில் கூகுள் பிளே சந்தாவுக்கு 15 சதவீதம் கமிஷன் எடுக்கும், அது 70 ரூபாய். உருவாக்கியவர்கள் கையில் 395 ரூபாய்தான் சேரும். பழைய 399-இல் அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 287. உங்களுக்கு 150 ரூபாய் ஏறினால் அவர்களுக்கு 108 ஏறுகிறது. அதில்தான் சர்வர் வாடகை, ஏமாற்றி விளையாடுகிறவர்களைப் பிடிக்கும் ஆட்கள், புதுப் பகுதிகளை வரைகிறவர்கள் எல்லாம். விளையாடுகிறவர்கள் குறையக் குறைய தலைக்கு விழும் செலவு கூடும். ஆளில்லாத பஸ்ஸுக்கும் டீசல் அதே அளவுதானே!

விளையாடுகிறவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. சந்தாவும் வாங்கிக்கொண்டு உள்ளே உடை, ஆயுதம் என்று கடையும் விரிப்பது. புதிதாக வருகிறவனுக்குப் பாதி விலை, வருடக்கணக்கில் இருக்கிறவனுக்கு முழு விலை. இதைக் கேட்கத்தான் வேண்டும். விலை ஏறாமலே ஓட முடியாதா என்றால், ஓடியிருக்கிறது: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டு 2004-இல் மாதம் 14.99 டாலரில் தொடங்கியது, 20 வருடம் கழித்தும் அமெரிக்காவில் அதே விலை. ஆனால் அதே மாதிரிச் சந்தா விளையாட்டான ஈவ் ஆன்லைன் 2022 மே மாதம் 14.95-லிருந்து 19.99 டாலருக்கு ஏற்றியது. எவ்வளவோ கத்தினார்கள், விலை இறங்கவில்லை. மாறாக, ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் 2025 ஜனவரியில் சந்தாவைப் பல படிகளாகப் பிரிப்பது, கீழ்ப்படியில் விளம்பரம் காட்டுவது பற்றியெல்லாம் கருத்துக் கேட்டு, எதிர்ப்பைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. முடிவெடுக்கும் முன் கத்தினால் காதில் விழுகிறது. அறிவித்த பிறகு கத்தினால் அபூர்வமாகத்தான் விழும். உங்கள் மகனின் விளையாட்டில் அறிவிப்பு வந்தாகிவிட்டது. அதனால் யார் ஜெயிப்பார்கள் என்று காத்திருந்து முடிவெடுக்காதீர்கள்.

இப்போது அந்த மார்த்தாண்டம் கடை. 1,500 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 125. வரியும் கமிஷனுமே 154 ரூபாய் வருகிறது என்று மேலே பார்த்தோம். அதற்கும் கீழே, அதுவும் தன் லாபத்தை எடுத்துக்கொண்டு, ஒருவர் எப்படிக் கொடுப்பார்?

போன வருடம் குழித்துறைப் பக்கத்திலிருந்து ரப்பர் பால் வெட்டும் ஓர் அப்பா, ஒன்பதாம் வகுப்பு மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். வெட்டு முடித்த கையோடு வந்திருந்தார். விரல் இடுக்கில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு மொபைல் கடையில் 1,200 ரூபாய் கொடுத்து ஒரு வருடச் சந்தா போட்டிருக்கிறார்கள். நாற்பதாவது நாள் கணக்கு முடங்கிவிட்டது. பையன் போனை நீட்டினான். திரையில் ஒரே ஒரு வரி, கீழே ஒரு ‘சரி’ பொத்தான். மூன்று வருடம் அவன் சேர்த்ததெல்லாம் அந்த வரிக்குப் பின்னால். அவன் அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை. தொட்டால் அதுவும் போய்விடும் என்று பயந்தானாம். கடைக்காரர் சொன்னது: “எனக்கு மேல உள்ள பார்ட்டி போனை எடுக்க மாட்டேங்கிறான்.” அந்த ‘மேல உள்ள பார்ட்டி’ யாரென்று அவருக்கே தெரியாது.

நடப்பது இதுதான். சிலர் விலை குறைவான நாட்டில் இருப்பதுபோல் கணக்கைக் காட்டி வாங்குவார்கள். துருக்கியும் அர்ஜென்டினாவும் இதற்குப் பேர்போனவை. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2023 நவம்பரில் அந்த இரண்டு நாட்டுக்கும் டாலர் விலை வைத்த பிறகு அங்கே அந்த வழி அடைபட்டது, ஆட்கள் வேறு நாடு தேடிப் போனார்கள். வேறு சிலர் திருட்டு கார்டில் வாங்குவார்கள். கார்டுக்குச் சொந்தக்காரர் வங்கியில் புகார் கொடுத்ததும் பணம் திரும்பிப் போகும். நிறுவனம் உங்கள் பிள்ளையின் கணக்கைத்தான் முடக்கும், கடைக்காரரை அல்ல. இன்னும் சிலர் ஒரு மாதத்துக்கு மட்டும் போட்டுவிட்டு எண்ணை மாற்றிவிடுவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றே: பாஸ்வேர்டையும் ஓடிபியையும். அந்த ஜிமெயில் கணக்கில்தான் உங்கள் வீட்டுப் படங்களும் ஆவணங்களும் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். நாள் கடத்தினால் பிடிப்பது கஷ்டம்.

அப்படியானால் வெளிநாட்டு விலையில் கட்டுவதெல்லாமே மோசடியா? இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. நம் மாவட்டத்துக்கு அது முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் மகன் பயன்படுத்துவது கணவர் குவைத்தில் தொடங்கிய கூகுள் கணக்காக இருக்கலாம். அவர் பழைய போனை அப்படியே பையனிடம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அப்போது பிளே ஸ்டோரின் நாடு குவைத். விலையும் அந்த ஊர் விலை. இது தப்பில்லை, அவர் உண்மையில் அங்கே இருக்கிறார். ஆனால் அங்குள்ள வங்கிக் கார்டில் பணம் போனால், 24 மணி நேரத் தகவல் என்ற நம் ரிசர்வ் வங்கி விதி அதற்குப் பொருந்தாது. இந்தியாவில் கொடுத்த கார்டுக்கும் கணக்குக்கும்தான் அது. லீவில் அவர் ஊருக்கு வந்தால் நாடு தானாக மாறிவிடாது. மாற்ற வேண்டுமென்றால் இங்கே இருந்துகொண்டு, இந்தியக் கார்டு அல்லது யுபிஐ சேர்த்து மாற்ற வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவைதான் விடுவார்கள். மாற்றியதும் குவைத் கணக்கில் கிடந்த பிளே ஸ்டோர் மீதியை இங்கே செலவழிக்க முடியாது. ஆகவே அவசரப்பட்டு மாற்றிவிட்டு, அவர் திரும்பிப் போன பிறகு மறுபடி மாற்ற முடியாமல் தவிக்காதீர்கள். என் யோசனை: பையனுக்கு இங்கேயே தனிக் கணக்கு, அப்பாவின் கணக்கு அப்பாவோடு.

நிறுவனமே நேராகத் தரும் வருடச் சந்தா? அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். விளையாட்டே திடீரென்று நின்றுபோகலாம். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30-ஆம் தேதி சர்வரே நின்றது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர். அதே வருடம் ஜூலையில் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ காணாமல் போய் 2023 மே மாதம்தான் திரும்பியது. மாதச் சந்தாவில் போனால் ஒரு மாதப் பணத்தோடு போகும்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் “ஆன்லைன் கேமை அரசு தடை செய்துவிட்டதாமே, கட்டினால் கேஸ் வருமா” என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து விளையாடும் ஆட்டங்களைத்தான் தடுக்கிறது. பந்தயம் இல்லாத விளையாட்டுக்குச் சந்தா வாங்க அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது. பயப்பட வேண்டாம்.

ஒருவேளை கேட்காமலே 549 எடுத்துவிட்டால் முதலில் பிளே ஸ்டோரில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், 48 மணி நேரத்துக்குள் கேட்டால் நல்லது. நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். ரத்து செய்ய விடாமல் சுற்றவைப்பதை ‘சந்தாப் பொறி’ என்றே பெயர் வைத்து 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்திருக்கிறது. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் 150 ரூபாய்க்காகக் குளச்சலிலிருந்து இரண்டு பஸ் ஏறி யார் வருவார்கள்? யாரும் வர மாட்டார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். வங்கியைக் கேட்டால் பிளே ஸ்டோரைக் கேள் என்பார்கள், பிளே ஸ்டோரைக் கேட்டால் வங்கியைக் கேள் என்பார்கள். ஆயிரம் வீட்டில் 150, 150 என்று இப்படித்தான் போகிறது. இந்த அலைக்கழிப்பை எனக்கு மன்னிக்க முடியவில்லை.

அதனால் இன்று ராத்திரி மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆட்டோபேயைத் திறங்கள். அவனைத் திட்ட வேண்டாம். வாரத்தில் எத்தனை நாள் விளையாடுகிறான், 549 கொடுக்கும் அளவுக்கு அதில் இன்னும் ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால், பழைய சந்தாதாரர்களுக்குப் பழைய விலையே தொடருமா என்று அறிவிப்பில் பாருங்கள். சில நிறுவனங்கள் அப்படி விடுவதுண்டு, நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனால் அது போய்விடும். விலை ஏற்றத்துக்குச் சம்மதம் கேட்டு பிளே ஸ்டோரில் ஒரு பொத்தான் வரும். அதை அவன் தொடக் கூடாது, நீங்கள்தான் தொட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். நிறுத்துவதென்றால் முதலில் பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியில் ரத்து செய்துவிட்டு, அப்புறம் ஆட்டோபே அனுமதியையும் நீக்குங்கள். பணம் எடுக்கும் தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே செய்துவிடுங்கள். ரத்து செய்தாலும், கட்டிய மாதம் முடியும்வரை அவன் விளையாடலாம்.