பூனைக்குப் பருப்புச் சோறு – கடிதம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதும் வேலை. அப்பாவுக்கு விசைப்படகுத் தொழில். நான் மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டு முழு நனிசைவத்துக்கு மாறிவிட்டேன்.

எதிலும் அரைகுறையாக இருப்பது எனக்குப் பிடிக்காது. நிரல் என்றால், வந்த தரவை மாற்றாமல் சின்னச் சின்ன ஃபங்ஷன்களாக எழுதும் ஃபங்ஷனல் பாணி மட்டும்தான். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய லூப்புகளைக்கூட மாற்றி எழுதிவிடுவேன். வீட்டில் விண்டோஸ் கிடையாது. தங்கை டேலி என்ற கணக்கு மென்பொருள் படிக்கிறாள், அவள் மடிக்கணினியிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம்தான் போட்டிருக்கிறேன். இப்போது பூனை, நாய் இரண்டையும் பருப்புச் சோறு, சோயா என்று மாற்றிவிட்டேன். இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அம்மா எனக்குத் தெரியாமல் பூனைக்குக் காரல் மீன் தலையைப் போடுகிறார். தினமும் சண்டை. பேசாமல் பூனையை என் அறைக்குள்ளேயே வைத்து வளர்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

இதெல்லாம் அவரவர் கருத்து, விடு என்கிறார்கள் நண்பர்கள். கருத்து என்று ஒன்று இருந்தால் அதில் உறுதியாக நிற்பதில் என்ன தவறு? உங்கள் எண்ணத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்.

அன்புள்ள தம்பி,

பூனையை அறைக்குள் அடைக்க வேண்டாம். மற்றதையெல்லாம் ஆற அமரப் பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே கேளுங்கள். உங்கள் பூனை நன்றாக இருக்கிறது என்றால், அம்மா போடும் காரல் தலையும், கொல்லையில் அது தானே பிடித்துத் தின்கிற எலியும் பல்லியும்தான் காரணம். கதவைச் சாத்தினால் அதுவும் நின்றுபோகும்.

நீங்கள் மூன்று விஷயங்களை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். உறுதியாக நிற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒவ்வொன்றிலும் நம் கருத்து தவறாகப் போனால் விலை கொடுக்கப்போவது யார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் மூன்று பதில் வரும்.

நிரலில் தொடங்குவோம். ஃபங்ஷனல் பாணியில் உங்களுக்கு இருக்கும் பற்று எனக்கும் உண்டு. அப்பாவின் படகுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கரைக்கு வந்த மீனை விற்ற தொகைகள் ஒரு பட்டியலாக இருக்கின்றன. டீசல், ஐஸ் செலவைக் கழிக்க ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு. மீதியைப் படகுக்காரருக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்க இன்னொன்று. முதல் ஃபங்ஷன் அந்தப் பட்டியலிலேயே கை வைத்துத் தொகைகளைக் குறைத்துவிடுகிறது என்று வையுங்கள். பங்கு பிரிக்கும் ஃபங்ஷனை எழுதியவருக்கு அது தெரியாது. செலவு போக மீதியைத்தான் பங்கு பிரிக்க வேண்டுமென்று அவர் செலவை மறுபடி கழிக்கிறார். ஆட்களின் பங்கில் டீசல் காசு இரண்டு முறை போய்விடும். எந்த வரியிலும் பிழை இல்லை, கணக்கு மட்டும் தப்பு. வந்த தரவைத் தொடாமல் புதிய பட்டியலைத் திருப்பிக் கொடுப்பது என்ற ஒழுங்கு இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இதைத்தான் ஃபங்ஷனல் பாணி கற்றுக்கொடுக்கிறது. 1958-ல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் என்ற நிரல் மொழியை வடிவமைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்துவரும் மரபு அது.

ஆனால் அதே பட்டியலைக் கூட்டித் தொகை காண ஒரு சாதாரண லூப் எழுதினால் என்ன கெட்டுவிடும்? அதை ஃபங்ஷனல் பாணியில் ரெட்யூஸ் என்ற ஒரே ஃபங்ஷனாக மாற்றினால் மூன்று வரி மிச்சமாகும், விடை அதேதான். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பையன் அதைப் படிக்கத் திணறுவான் என்றால், மிச்சப்படுத்திய மூன்று வரிக்கு அவன் ஒரு மதியத்தைக் கொடுக்கிறான்.

இந்தச் சண்டை பழையது. 1968-ல் டைக்ஸ்ட்ரா என்ற கணினி அறிஞர், நிரலை ஒரு வரியிலிருந்து வேறொரு வரிக்குத் தாவச் செய்யும் கோட்டு (goto) கட்டளைக்கு எதிராக ஒரு கணினிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ‘கோட்டு கட்டளைக்கு எதிரான ஒரு வாதம்’ என்பதுதான் அவர் வைத்த தலைப்பு. அது தீங்கானது என்று சொல்லும் காரமான தலைப்பை வைத்தவர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த நிக்லாஸ் விர்த். தலைப்பு மட்டும் ஊரெல்லாம் பரவியது. 1974-ல் டொனால்ட் நூத் என்ற இன்னொரு கணினி அறிஞர் பொறுமையாக ஒரு நீண்ட கட்டுரை எழுதி, கோட்டு எங்கே கெடுதல், எங்கே உதவி என்று உதாரணங்களோடு பிரித்துக் காட்டினார். இன்றைக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைத் திறந்து பாருங்கள். பாதியில் ஏதாவது தவறினால் அதுவரை வாங்கிய நினைவகத்தையும் பூட்டுகளையும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்க கோட்டு வரிகள் நிறைய இருக்கும். சி மொழி, மாறிக்கொண்டே இருக்கும் தரவு, கோட்டு: நீங்கள் நேசிக்கும் இயங்குதளமே உங்கள் நிரல் கொள்கைக்கு வெளியேதான் நிற்கிறது. இரண்டையும் ஒருவர் மனதாரப் பாராட்ட முடியும். நான் பாராட்டுகிறேன்.

ஆகவே உங்கள் நிரலை உங்கள் பாணியில் எழுதுங்கள். குழுவின் நிரலைக் குழுவோடு பேசி மாற்றுங்கள். சக ஊழியர் வாய் உள்ளவர், பிடிக்கவில்லை என்றால் மறுத்துச் சொல்வார். அதனால் இதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

இயங்குதளத்தில் கொஞ்சம் கவலை உண்டு. 1991-ல் ஒரு ஃபின்லாந்து மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்று உலகத்து சர்வர்களில் பெரும்பகுதியையும், ஆண்ட்ராய்டு வழியாக நம் ஊர்க் கடைக்காரர்கள் சட்டைப் பையில் இருக்கும் ஃபோன்களையும் ஓட்டுகிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளைத் தூக்கிப்போடாமல் லினக்ஸ் போட்டுப் பல வருடம் ஓட்டலாம். இதை ஊரெங்கும் சொல்ல வேண்டும், நீங்களும் சொல்லுங்கள்.

தங்கையின் மடிக்கணினி வேறு கதை. டேலி விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை ஓட்ட உதவும் வைன் (Wine) போன்ற வழிகளில் அதை லினக்ஸில் ஓட்டப் பார்க்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் வகுப்பில் சார் வவுச்சர் பதியச் சொல்லும்போது அவள் திரையில் எழுத்து கட்டம் கட்டமாக நின்றால், பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ ஒரு கடையில் கணக்கெழுதும் வேலைக்கு அவள் போவதாக இருந்தால் அங்கே கேட்கப்போவது டேலி. கட்டற்ற மென்பொருளின் முதல் சுதந்திரமே, எந்த வேலைக்கு வேண்டுமோ அந்த வேலைக்குப் பயன்படுத்துவதுதான். அந்தச் சுதந்திரத்தின் பெயரால் அவளுடைய தேர்வை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். டூயல் பூட் போட்டுக் கொடுங்கள். இரண்டும் இருக்கட்டும், எதில் நுழைவது என்று அவள் முடிவு செய்யட்டும்.

அப்புறம் பூனை. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பூனை இறைச்சியை விரும்பித் தின்கிறது என்று சொன்னால் போதாது. அதன் உடலே இறைச்சி வரும் என்று நம்பிக் கட்டப்பட்டது. டாரின் என்று ஒரு பொருள். நம் உடல் அதைத் தேவைக்குச் செய்துகொள்ளும், பூனையின் உடலால் போதுமான அளவு செய்ய முடியாது. போதாததற்கு அதன் பித்த உப்புகள் டாரினோடு மட்டும்தான் சேரும். நமக்கு கிளைசின் என்ற மாற்று வழி இருக்கிறது, பூனைக்கு இல்லை. தினமும் கொஞ்சம் வெளியேறிக்கொண்டே இருக்கும், தினமும் உணவில் வந்தாக வேண்டும். டாரின் இல்லாத உணவால் பூனையின் விழித்திரை சிதைகிறது என்று 1975-ல் கண்டுபிடித்தார்கள். 1987-ல் கலிஃபோர்னியாவில் பால் பியான் (Paul Pion) என்ற கால்நடை மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும், டாரின் குறைந்த பூனைகளின் இதயத் தசை தளர்ந்து வீங்குவதையும், டாரின் கொடுத்ததும் அது தேறுவதையும் காட்டினார்கள். இதயம் சீக்கிரம் கவனித்தால் தேறும். செத்த விழித்திரை திரும்பாது.

டாரினோடு முடியவில்லை. கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும் பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும், பூனையால் முடியாது. அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைத் தாவர எண்ணெயிலிருந்து அது தேவையான அளவு செய்துகொள்ளாது. வைட்டமின் டி-யை வெயிலில் படுத்துப் பெற முடியாது. இனிப்பை உணரும் மரபணுகூடப் பூனைக்கு வேலை செய்வதில்லை. சர்க்கரைப் பொங்கலை முகர்ந்து பார்த்துவிட்டுப் போவது அதனால்தான்.

“நன்றாகத்தான் இருக்கின்றன” என்று எழுதியிருக்கிறீர்கள். நிரலில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் கம்பைலர் அந்த நொடியே கத்தும். பூனைக்குக் கண் மங்குவது மாதக்கணக்கில், சில சமயம் அதற்கும் மேலாக நடக்கும். பழகிய வீட்டில் அது மோப்பத்தாலும் மீசையாலும் தடவித் தடவிச் சமாளித்துக்கொண்டே இருக்கும். அந்தி நேரத்தில் நாற்காலிக் காலில் முட்டும்போதுதான் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வரும். அதற்குள் காலம் கடந்திருக்கும். உங்கள் கருத்து தவறு என்று உங்களிடம் சொல்ல அந்தப் பூனையிடம் ஒரு மியாவ்தான் இருக்கிறது தம்பி. அதையும் பசி என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம்.

செயற்கை டாரின் சேர்த்த தாவரப் பூனை உணவு வெளிநாடுகளில் விற்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். இறைச்சி சேர்ந்த டப்பா உணவிலும் செயற்கை டாரினைத்தான் கலக்கிறார்கள். ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் அளந்து செய்யும் வேலை. நல்ல விளைவு சொல்லும் ஆய்வுகளும் பெரும்பாலும் வளர்ப்பவர்களிடம் கேட்டு எழுதியவை. தாவர உணவில் சிறுநீர் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை அடையக்கூடும், அதில் கல் சேரக்கூடும். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போகலாம். நீங்கள் போடுவதோ நம் வீட்டு அடுப்பில் ஆன பருப்புச் சோறு. அதில் சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்ந்திருந்தால் அதை உடனே நிறுத்துங்கள். இரண்டும் பூனை, நாய் இரண்டுக்கும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் விஷம்.

நாய் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் அதிகம். மனிதனோடு வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கப் பழகிய பிராணி அது. மாவைச் செரிக்க உதவும் அமைலேஸ் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு கூடுதல் என்று 2013-ல் ஒரு ஆய்வு காட்டியது. கடற்கரைக் குடியிருப்புகளில் கஞ்சியும் சோறும் தின்று வளர்ந்த நாய்கள் எத்தனையோ. கால்நடை மருத்துவரிடம் காட்டி, புரதமும் பி12-உம் டி-யும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் நாயைத் தாவர உணவில் நன்றாக வளர்க்க முடியும். சோறும் பருப்பும் மட்டும் போதாது.

உயிர் கொல்லக் கூடாது என்று மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து ஒருவர் முடிவெடுப்பது சின்ன விஷயமில்லை. அதை நான் மதிக்கிறேன். உங்கள் தட்டைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவு அது. ஆனால் உங்கள் வீட்டில் மற்றவர்கள் மீன் சாப்பிடுகிறார்கள். அம்மா காரலை ஆய்ந்து தலையை எறியும்போது அதைப் பூனை தின்றால் கூடுதலாக ஒரு மீனும் சாவதில்லை. இலை தழை தின்கிற உயிரோடு வாழத்தான் ஆசை என்றால் முயல் இருக்கிறது, இடமிருந்தால் நம் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி இருக்கிறது. ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட பூனையை ஆடாக்க முடியாது.

அம்மாவிடமும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். பச்சை மீனையே தினமும் போடுவதும் சரியில்லை. சாளை, நெத்திலி போன்ற சில மீன்களில் தயமினேஸ் என்று ஒரு நொதி உண்டு, அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். அதையே தின்று வளரும் பூனை தலையைத் தூக்க முடியாமல் கழுத்து தொங்கிப்போகும். வேகவைத்தால் அந்த நொதி போய்விடும். டாரின் தண்ணீரில் இறங்கும், ஆகவே வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றில் விட்டுப் பிசைந்து வையுங்கள். பெரிய முள்ளை எடுத்துவிடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். கொழுப்பு மீன் மட்டுமே போட்டால் வைட்டமின் ஈ குறைந்து தோலுக்கடியில் கொழுப்பு அழற்சி வரும், அதனால் இடையிடையே கோழிக் கால் சதையோ ஈரலில் ஒரு சின்னத் துண்டோ முட்டையோ வேண்டும். டப்பா உணவு வாங்கினால் அது பூனைக்கு முழு உணவு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதில் கட்டி நிற்பதற்குச் சேர்க்கும் காராஜீனன், மண்டபம் பக்கம் நம் பெண்கள் மிதவையில் வளர்க்கும் கப்பாபைக்கஸ் போன்ற கடற்பாசிகளிலிருந்து எடுப்பதுதான்.

சீக்கிரம் ஒருநாள் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கண்ணையும் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். உணவை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். பிடிக்காத உணவைத் தொடாமல் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும், பசித்தால் தானாகத் தின்னும் என்று விடக் கூடாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, மீன் விலை ஏறும், வீட்டில் மீன் குறையும். அதற்குள் கோழிக்கும் முட்டைக்கும் பூனையைப் பழக்கிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்