3,60,000 கிலோமீட்டர் ஓடிய பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை ரெஸ்டோர் செய்வது பிரயோஜனமா?

முப்பது வருடப் பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ், மீட்டரில் 3,60,000. ஓடுகிறது, ஆனால் புகை விடுகிறது, கியர் பாக்ஸ் பக்கம் சத்தம் வருகிறது. முழுசாக ரெஸ்டோர் செய்யலாமா, கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேஸ், அதாவது வண்டி முழுவதையும் தாங்கும் அடிச் சட்டம், நன்றாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். சேஸ் போயிருந்தால் வேண்டாம். கிலோமீட்டர் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் ஓட்டுவதும் ஏறக்குறைய இதே வயது வண்டிதான். முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில், லீஃப் ஸ்பிரிங். அதனடியில் படுத்துப் படுத்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. 3,60,000 என்றதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். அந்தக் காலத்து டர்போ இல்லாத பெரிய டீசல் என்ஜின்களுக்கு அது மரண வயது இல்லை. டொயோட்டா லேண்ட் குரூஸரில் வந்த 4.2 லிட்டர் 1எச்இசட் என்ஜினில் ஆயிலும் ஃபில்டரும் ஒழுங்காக மாற்றி வந்திருந்தால், 5,00,000 தாண்டியும் திறக்காமலே ஓடும் வண்டிகள் நிறைய உண்டு. ஆனால் அதே குடும்பத்து டர்போ என்ஜினான 1எச்டி-டியின் ஆரம்ப கால வண்டிகளில் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனின் கனெக்டிங் ராடு கிராங்க் ஷாஃப்ட்டில் சேரும் இடத்துப் பேரிங்) சீக்கிரம் தேய்வது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் உங்கள் என்ஜினின் பலவீனம் என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் சீராக ஓடிய 3,60,000-ஐவிட, சேற்றிலும் கல்லிலும் லோ கியரில் ஊர்ந்த 1,00,000 வண்டியை அதிகம் தேய்த்திருக்கும். மீட்டரே உண்மை சொல்கிறதா என்பதும் வேறு கேள்வி. பெடல் ரப்பரின் தேய்மானம், ஸ்டீயரிங் வளையத்தின் வழுவழுப்பு, டிரைவர் சீட்டின் ஓரம் இவை மூன்றும் மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சரி, சேஸுக்கு வருவோம். இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவி, காயவிட்டு, ஜாக்கை நம்பாமல் உறுதியான ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஒரு சின்னச் சுத்தியலோடு அடியில் போங்கள். மண்பானையைத் தட்டி வாங்குவதுபோலத்தான் இதுவும். நல்ல இரும்பு கணீர் என்று பேசும், சுத்தியல் துள்ளித் திரும்பும். உளுத்த இடத்தில் சத்தம் 'தொப்' என்று செத்துவிடும், உள்ளேயிருந்து துருச் செதில் உதிரும் ஓசையும் கேட்கும். அங்கே ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் வெளியில் தெரியும் ஓட்டையைவிட மூன்று மடங்கு உள்ளே போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் அப்படி? இந்த வண்டிகளின் சேஸ் பெரும்பாலும் பெட்டி வடிவம். காட்டு வழியில் போகும்போது சேறு அதன் துளைகள் வழியாக உள்ளே போய்ப் படிந்துவிடும். தண்ணீர் வடிய வைத்திருக்கும் துளைகளும் அதே சேற்றால் அடைபடும். அப்புறம் வருடக்கணக்கில் அந்த ஈரம் உள்ளேயே உட்கார்ந்து இரும்பைத் தின்னும். வெளியே பெயிண்ட் கூட நன்றாக இருக்கும். பின் ஆக்சிலுக்கு மேலே சேஸ் வளைந்து ஏறும் இடம், பின் ஸ்பிரிங் மாட்டும் தாங்கிகள், பாடியைச் சேஸோடு பிணைக்கும் பாடி மவுண்ட்டுகள், கடைசி குறுக்குச் சட்டம், டீசல் டேங்க்குக்கு மேலே கை எட்டாத பகுதி ஆகிய இடங்களில் நிதானமாகத் தட்டுங்கள். ஸ்டீயரிங் பாக்ஸ் மாட்டியிருக்கும் இடத்தைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் முக்கியம். பெரிய டயர் போட்ட வண்டிகளில் அங்கேதான் முதலில் விரியும். கடற்கரை மணலில் ஓடிய வண்டியாக இருந்தால் இரட்டிப்பு சந்தேகத்தோடு பாருங்கள். புதிதாக, கனமாக, அடிப்பக்கத்தில் கறுப்பு அண்டர்கோட்டிங் பூச்சு பூசியிருந்தாலும் அப்படித்தான். வாங்கப்போகும் வண்டியாக இருந்து, அதைச் சுரண்டிப் பார்க்க விற்பவர் விடமாட்டேன் என்றால் அந்த வண்டி எனக்கு வேண்டாம்.

மேலோட்டமான துரு ஒரு பிரச்சினையே இல்லை. ஒன்றிரண்டு இடத்தில் அழுகியதை முழுசாக வெட்டி எடுத்து, அதே கனத்தில் புது இரும்பு வைத்து வெல்டிங் செய்யலாம். துருவின் மேலேயே தகடு ஒட்டி வெல்டிங் செய்வது வேலையே இல்லை. தகட்டுக்கும் பழைய இரும்புக்கும் நடுவில் ஈரம் சிக்கி இன்னும் வேகமாக அழுகும். இரண்டு பக்கச் சட்டமும் பல இடத்தில் போயிருந்தால் சேஸையே மாற்ற வேண்டும். அதற்குப் பாடி, என்ஜின், வயரிங், பைப் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்றவற்றுக்குக் கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) புதுச் சேஸே கிடைக்கிறது என்பதால் சிலர் துணிகிறார்கள். ஆனால் வண்டியின் அடையாள எண் சேஸில்தான் பொறிக்கப்பட்டிருக்கும், அதனால் பதிவு விதிகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

டிஃபெண்டர் என்றதும் ஒரு விஷயம். வெளித்தகடு அலுமினியம், துருப்பிடிக்காது என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சேஸும், என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் பல்க்ஹெட்டும் இரும்புதான். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியமே வெள்ளைப் பொடியாக உதிரும். ஜீப் செரோக்கியின் எக்ஸ்ஜே மாடல் (1984 முதல் 2001 வரை வந்தது) இன்னொரு வகை. அதற்குத் தனிச் சேஸே கிடையாது, பாடியும் சட்டமும் ஒன்று. தரைத் தகடு அழுகுவதும் அங்கே சேஸ் அழுகுவது மாதிரிதான். அதன் 4.0 லிட்டர் பெட்ரோல் என்ஜின் எவ்வளவு கெட்டி என்றாலும், அது உட்கார்ந்திருக்கும் வீடு போனால் பயனில்லை.

சேஸ் தேறிவிட்டதா? அப்படியானால் மீதி எல்லாமே கழற்றி மாட்டக்கூடிய சாமான்தான். இனி எவ்வளவு செலவு என்பது மட்டுமே கேள்வி.

என்ஜினைச் சோதிக்கும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். வாங்கப்போகும் வண்டியை நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். டீசலில் கரும்புகை என்றால் அநேகமாக இன்ஜெக்டர், பம்ப், அடைத்த ஏர் ஃபில்டர். இவற்றைச் சரிசெய்யலாம். நீலப்புகை ஆயில் எரிவது. காலையில் கொஞ்ச நேரம் வரும் வெண்புகை, எரியாத டீசலாகவோ பழுதான குளோ பிளக்காகவோ (ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்குவது) இருக்கலாம். சூடான பிறகும் நிற்காமல் வந்து கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ (என்ஜின் பிளாக்குக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள தகடு) விரிசல் விட்ட ஹெட்டையோ சந்தேகப்படுங்கள். ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசான காற்று வருவது இயல்பு. குபுகுபுவென்று புகையோடு தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

இதையெல்லாம்விட நான் முதலில் பார்ப்பது ஏர் ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலுள்ள குழாயின் உட்பக்கத்தை. கிளாம்ப்பைத் தளர்த்திவிட்டு விரலை விட்டுத் தடவுங்கள். சுத்தமாக இருக்க வேண்டும். மாவு மாதிரி தூசு ஒட்டினால் ஃபில்டரைத் தாண்டி மண் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காட்டு வண்டிகளின் என்ஜினைக் கொல்வது கிலோமீட்டரைவிட இந்தத் தூசுதான். சிலிண்டரையும் ரிங்கையும் உப்புத்தாள் மாதிரி உரசித் தள்ளிவிடும்.

பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அளப்பது. ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். எல்லாமே கொஞ்சம் குறைந்து சமமாக இருந்தால் வயதான ஆனால் ஆரோக்கியமான என்ஜின், ஒன்று மட்டும் தனியாக விழுந்திருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. லீக் டவுன் டெஸ்ட் செய்யக்கூடிய மெக்கானிக் கிடைத்தால் இன்னும் நல்லது. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிவிட்டு அது எங்கே தப்பிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்பார்கள். ஆயில் மூடி வழியாக வந்தால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட். திறக்காமலே இவ்வளவு தெரிந்துவிடும்.

கியர் பாக்ஸ் பக்கம் சத்தம் என்கிறீர்கள். அது கியர் பாக்ஸா, டிரான்ஸ்ஃபர் கேஸா (சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுப்பது), ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இணைப்பான கிராஸா என்று பிரித்தறிந்த பிறகே கவலைப்படுங்கள். நியூட்ரலில் கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் நின்றால் கியர் பாக்ஸின் இன்புட் பேரிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். மண் தரையில் (தார் ரோட்டில் வேண்டாம், முன்னும் பின்னும் முறுக்கிக்கொள்ளும்) ஃபோர் வீலையும் லோ ரேஞ்சையும் (மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான கியர்) போட்டு ஓட்டிப் பாருங்கள். அப்புறம் கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல் நான்கிலும் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். நுண்ணிய வெள்ளிப் பளபளப்பு வயதுக்குச் சகஜம், விரலில் உறுத்தும் சில்லு கிடைத்தால் பல் உடைந்திருக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் ஆற்றில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். ஆக்சிலின் பிரீதர் (உள்காற்று வந்துபோகும் சின்னக் குழாய்) அடைபட்டிருந்தால் அது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். பிரீதரின் விலை அற்பம். அதைக் கவனிக்காமல் விட்டு டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பற்சக்கரங்களையே மாற்றியவர்கள் உண்டு.

ரப்பரும் வயரிங்கும் கிலோமீட்டர் பார்ப்பதில்லை, வயதைத்தான் பார்க்கும். முப்பது வருடம் என்றால் பிரேக் ஹோஸ், கூலண்ட் ஹோஸ், புஷ்கள் எல்லாவற்றையும் மாற்றுவதாகவே கணக்குப் போடுங்கள். டேப் சுற்றி லைட், விஞ்ச், ஸ்பீக்கர் என்று ஒவ்வொருவராகச் சேர்த்த ஒயர்களைப் பிடுங்கிவிட்டு ஃபியூஸோடு புதிதாகப் போடுவதுதான் பாதுகாப்பு.

பணம். இப்படிச் செய்து வண்டியை லாபத்துக்கு விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அபூர்வ மாடல்களைத் தவிர, போட்ட காசு திரும்பி வராது. வண்டியின் இன்றைய விலையோடு எல்லா வேலையின் செலவையும் கூட்டி, அதற்கு மேல் பாதியளவு எதிர்பாராததற்கும் ஒதுக்கி, அந்தத் தொகைக்கு அதே மாடலில் நல்ல நிலையில் இருக்கும் வண்டி கிடைக்குமா என்று தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். வேறொருவர் ஏற்கெனவே பார்த்துப் பார்த்து முடித்த வண்டியை வாங்குவதே மலிவு. அப்படியிருந்தும் இந்த வண்டியேதான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அது நியாயமான காரணம்தான். வீட்டில் எல்லோரும் ஏறிப் போன வண்டிக்குச் சந்தை விலை வைத்து முடிவெடுக்கத் தேவையில்லை. செலவு திரும்ப வராது என்று தெரிந்து செய்யுங்கள், அவ்வளவுதான்.

உதிரி பாகங்கள் கிடைக்குமா என்பதையும் இப்போதே விசாரியுங்கள். லேண்ட் குரூஸரின் 70 வரிசை 1984-இல் வந்தது, இன்னமும் தயாரிக்கிறார்கள். அதன் உறவுக்கார மாடல்களுக்கு மெக்கானிக்கல் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. டிஃபெண்டரின் பழைய வடிவம் 2016 ஜனவரியோடு நின்றாலும் பாகங்கள் செய்கிறவர்கள் நிறைய. ஆனால் சில வருடமே வந்து நின்றுபோன மாடல் என்றால் ஒரு கண்ணாடி பீடிங்குக்கும் வைப்பர் லிங்க்குக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். என்ஜின் பாகத்தைவிட இந்த மாதிரிச் சில்லறைச் சாமான்கள்தான் வண்டியை முடங்க வைக்கின்றன.

செய்வது என்று முடிவானால், முழுசாகப் பிரித்துப் போடாதீர்கள். ரெஸ்டோர் என்று ஆரம்பித்துப் பாதியில் நின்ற வண்டிகள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே கடைசி போல்ட் வரை கழற்றப்பட்டவை. ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். முதலில் சேஸ் வெல்டிங்கும் துருத் தடுப்பும், அடுத்து பிரேக், ஸ்டீயரிங், கூலிங். லோ ரேஞ்சில் மெதுவாக ஏறும்போது முன்னாலிருந்து காற்று வராது என்பதால் ரேடியேட்டரும் ஃபேன் கிளட்ச்சும் நல்ல நிலையில் இல்லாவிட்டால் ஹெட் போய்விடும். அதற்குப் பிறகு என்ஜினும் கியர் பாக்ஸும். டிங்கரிங், பெயிண்ட், சீட் எல்லாம் கடைசி. பெயிண்ட் அடித்த வண்டியை வெல்டிங்குக்கு அனுப்ப மனசு வராது, அதனாலேயே வெல்டிங் தள்ளிப்போகும்.

இன்னொன்றும் யோசியுங்கள்: தினமும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வேகச் சாலையில் போகப்போகும் ஒரே வண்டி இதுதானா? ஏர்பேக், ஏபிஎஸ் இல்லாத, உயரமான, பிரேக் பிடித்தாலும் நிற்க நேரம் எடுக்கும் வண்டி. எவ்வளவு காசு போட்டாலும் அது மாறாது. அன்றாட வேலைக்கு வேறு வண்டி இருக்கிறது, இது மலைக்கும் காட்டுக்கும் வார இறுதிக்கும் என்றால் என் வாக்கு ரெஸ்டோர் பக்கம்.

சேஸ் போய்விட்டது என்று தெரிந்தாலும் வண்டியை வீண் என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் ஆக்சில், டிரான்ஸ்ஃபர் கேஸ், கதவு, கண்ணாடி, அந்த என்ஜின்கூட, நல்ல சேஸை வைத்துக்கொண்டு சாமானுக்கு அலைகிற ஒருவருக்குப் பொக்கிஷம். சேஸ் உளுத்திருப்பதை மறைக்காமல் சொல்லி, பாகங்களுக்காக என்றே விலை வையுங்கள். நிச்சயம் ஆள் வரும்.