தொடக்க விழா, நிறைவு விழா: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

மேடைக்குப் பின்னால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு "விளக்கு போ, பாட்டு போ, பிள்ளைகளை விடு" என்று குரல் கொடுக்கிற வேலையில் இருபது வருடம் ஓடிவிட்டது. ஒலிம்பிக்கில் வேலை செய்ததில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்ததெல்லாம் விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழாக்கள், கல்லூரி விழாக்கள், சில பெரிய மைதான நிகழ்ச்சிகள். ஆனால் ஒலிம்பிக் விழா ஒன்று விடாமல் நோட்டும் கையுமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிற பைத்தியம் உண்டு. கேள்விகள் நிறைய வந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பம்பரம்: இவ்வளவு பெரிய விழாவை எங்கிருந்து ஆரம்பிப்பார்கள் அண்ணே? கதையா, பாட்டா, பட்ஜெட்டா?

மூன்றும் இல்லை தம்பி, கடிகாரம். ஒலிம்பிக்கில் இயக்குநர் யாராக இருந்தாலும் தொட முடியாத சடங்குகள் சில உண்டு. நாட்டின் தலைவர் வரவேண்டும், தேசிய கீதம், வீரர் அணிவகுப்பு, பேச்சுகள், "போட்டி தொடங்கியது" என்கிற அறிவிப்பு, ஒலிம்பிக் கொடி, ஒலிம்பிக் கீதம், உறுதிமொழி, கடைசியில் ஜோதி. இவற்றை முதலில் தாளில் எழுதி, மிச்சம் இருக்கிற நேரத்தில்தான் கதை சொல்ல முடியும்.

இதில் பெரிய பூதம் அணிவகுப்பு. 2012 லண்டனில் 204 அணிகள். ஓர் அணிக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் ஒரு மணி நாற்பது நிமிடம் போய்விடும், அதுவும் எல்லாரும் ஒழுங்காக நடந்தால். வீரர்கள் ஒழுங்காக நடக்க மாட்டார்கள், வாழ்க்கையில் ஒருமுறை கிடைக்கிற நடை, கேமராவைப் பார்த்தால் நின்று கையசைப்பார்கள், அவர்களைத் தப்பு சொல்லவும் முடியாது. அதனால் விழாவை இயக்கிய டேனி பாயிலின் குழு என்ன செய்தது என்றால், நிமிடத்துக்கு 120 தாள அடி விழுகிற வேகமான இசையைப் போட்டது, கால் தானாகத் தாளத்துக்கு வந்துவிடும் என்று. நல்ல தந்திரம். அப்படியும் இரவு 9 மணிக்குத் தொடங்கிய விழா நள்ளிரவைத் தாண்டித்தான் முடிந்தது. நம் கோயில் தேர் மாதிரிதான், இழுக்கிறவர்கள் ஆயிரம் பேர், வேகத்தை முடிவு செய்வது தேர்.

கடைசிபெஞ்ச்: அணிகள் வரும் வரிசையை யார் முடிவு செய்வது?

கிரீஸ் முதலில், நடத்தும் நாடு கடைசியில். இடையில் நடத்தும் நாட்டின் எழுத்து வரிசை. 2008 பெய்ஜிங்கில் சீன எழுத்தின் கோடுகளை எண்ணி வரிசைப்படுத்தினார்கள், அடுத்து யார் வருவார்கள் என்று நமக்குக் கணிக்கவே வராது. 2004இல் ஏதென்ஸிலேயே நடந்தபோது கிரீஸ் கொடி முதலில் வந்தது, அணி கடைசியில் வந்தது. டோக்கியோவிலிருந்து அகதிகள் அணிக்கு இரண்டாவது இடம், அடுத்தடுத்து நடத்தப்போகும் நாடுகள் நடத்தும் நாட்டுக்குச் சற்று முன்னால்.

மல்லிப்பூ: ஆயிரக்கணக்கான பேரை ஒரே நேரத்தில் அசைய வைப்பது எப்படி சார்? எங்கள் பள்ளியில் நாற்பது பேர் கும்மியே குழம்புகிறது!

காதில்தான் இருக்கிறது ரகசியம். பெரிய விழாக்களில் ஆடுகிறவர்கள் காதில் சின்னக் கருவி மாட்டியிருப்பார்கள். ஒருவர் "ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, இடது பக்கம் போ" என்று எண்ணிக்கொண்டே இருப்பார். மைதானத்தில் ஒலி பரவுகிற வேகம் குறைவு, நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்குத் தாளம் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமாகக் கேட்கும், ஸ்பீக்கரை நம்பி ஆடினால் அலைபோலச் சரிந்துவிடும். காதில் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் ஒத்திகை இடம். மைதானம் கடைசி நேரம் வரை கிடைக்காது, அங்கே புல் போடுவார்கள், பாதை போடுவார்கள், கேமரா கட்டுவார்கள். லண்டன்காரர்கள் நகரத்தின் கிழக்கே டேகன்ஹாமில், பழைய ஃபோர்டு தொழிற்சாலை நிலத்தில் மழையிலும் சேற்றிலும் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள், தொடக்க விழாவுக்கு மட்டும் 7,500 தன்னார்வலர்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் வேலைக்குப் போகிற சாதாரண மனிதர்கள் என்பதை மறக்கக் கூடாது. மாலையில் வருவார்கள், பசி இருக்கும், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும்.

நீங்கள் உண்மையில் திட்டமிட வேண்டியது இதைத்தான்: எத்தனை கழிப்பறை, எத்தனை குடிநீர்க் குழாய், உடை மாற்ற எங்கே இடம், ஆண்கள் எந்த வழி, பெண்கள் எந்த வழி, ஒரு குழு உள்ளே போகும்போது இன்னொரு குழு எந்தக் கதவால் வெளியே வரும். நான் வேலை பார்த்த ஒரு விழாவில் நடனம் அற்புதமாக அமைந்தது, ஆனால் முந்நூறு பிள்ளைகள் வெளியேறவும் அடுத்த முந்நூறு பேர் நுழையவும் ஒரே கேட். நடுவில் ஒரு மாட்டு வண்டி செட் வேறு. பதினொரு நிமிடம் மைதானம் காலி, தொகுப்பாளர் பாவம், திருக்குறள் சொல்லிச் சமாளித்தார். கும்மி குழம்பினால் வட்டத்துக்கு நான்கு பிள்ளைகளைத் தலைமை ஆக்குங்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்தால் போதும்.

ரகசியப்போலீஸ்: இத்தனை ஆயிரம் பேருக்குத் தெரிந்தும் ரகசியம் எப்படித் தங்குகிறது?

கெஞ்சிக் கேட்டால் தங்கும். லண்டனில் முழு ஒத்திகைக்குப் பார்வையாளர்களையே உள்ளே விட்டார்கள், "ஆச்சரியத்தைக் காப்பாற்றுங்கள்" என்று திரையில் வேண்டுகோள் போட்டார்கள், ஜனங்களும் பெரும்பாலும் காப்பாற்றினார்கள். ஆனால் ஜோதிக் கொப்பரையை மட்டும் அவர்களுக்கும் காட்டவில்லை. தாமஸ் ஹெதர்விக் வடிவமைத்தது, 204 செப்பு இதழ்கள், அணிக்கு ஒன்று, அணிவகுப்பிலேயே ஒவ்வொரு அணியோடும் ஒன்று வந்துகொண்டிருந்தது. கண்ணெதிரே போனதை யாரும் கவனிக்கவில்லை! எனக்கு இன்றுவரை அதுதான் பிடித்த கொப்பரை. மைதான நடுவில் இருந்ததால் தடகளப் போட்டிக்கு முன் அதை ஓரத்துக்கு நகர்த்த வேண்டியிருந்தது, அந்த நேரத்தில் சுடரை ஒரு சுரங்க விளக்கில் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

மழைக்காலன்: வெளி மைதானம், மழை வந்தால் அவ்வளவுதானா?

2024 பாரிஸைப் பாருங்கள். மைதானமே வேண்டாம் என்று செய்ன் நதியில் ஆறு கிலோமீட்டர் தூரம் படகுகளில் அணிவகுப்பு. தைரியமான யோசனை. நம் சரத் கமலும் பி.வி. சிந்துவும் அப்படித்தான் படகில் கொடி பிடித்து வந்தார்கள். அன்றைக்கென்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வழுக்கும் என்று சில ஆட்டங்களைக் குறைக்க வேண்டியிருந்தது, பியானோ மேல் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க வாசித்தார்கள். படகுகள் வரிசையாகக் கிளம்பிவிட்டால் நடுவில் நிறுத்துவது சுலபமில்லை. ஆனால் டிவியில் பார்த்தவர்களுக்கு அந்த மழையே ஓர் அழகைக் கொடுத்தது என்று நான் சொல்வேன், கரையில் நனைந்தவர்கள் என்னை அடிக்க வரலாம்.

பெய்ஜிங்கில் எதிர்மாதிரி. மேகம் நகருக்கு வருமுன்னே கரைக்க வேண்டும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகளை வானத்தில் விட்டார்கள். நமக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. தார்ப்பாய், தரைக்கு ரப்பர் விரிப்பு, மின் இணைப்புகள் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், இவ்வளவுதான் நம் ராக்கெட்.

பம்பரம்: விழா நடுவில் ஏதாவது கெட்டுப்போனால்?

கெடும். கெடாது என்று திட்டமிடுகிறவர் இந்தத் தொழிலில் புதியவர். 2000 சிட்னியில் ஆஸ்திரேலிய ஓட்ட வீராங்கனை கேத்தி ஃப்ரீமன் ஜோதி ஏற்றியதும் நெருப்பு வளையம் மேலே ஏறாமல் சுமார் நான்கு நிமிடம் நின்றுவிட்டது. அந்தப் பெண் நனைந்த உடையில், கையில் ஜோதியோடு, எதுவும் நடக்காததுபோல நின்றாரே, அதற்குத் தனிப் பதக்கம் கொடுக்கலாம். 2010 வான்கூவரில் தரையிலிருந்து எழ வேண்டிய நான்கு தூண்களில் ஒன்று எழவில்லை, கனடாவின் பனிச்சறுக்கு ஓட்ட வீராங்கனை கேட்ரியோனா லெ மே டோன் ஏற்றுவதற்குத் தூண் இல்லாமல் நின்றார். 2014 சோச்சியில் ஐந்து பனிப்பூக்கள் வளையமாக விரிய வேண்டும், நான்குதான் விரிந்தன, ரஷ்ய டிவி சட்டென்று ஒத்திகையில் எடுத்த படத்தைக் காட்டிவிட்டது.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தவை. வான்கூவர் நிறைவு விழாவில் ஒரு கோமாளி வந்து மின் கம்பியைச் செருகி, அந்தத் தூணைக் கயிறு கட்டி இழுப்பதுபோல நடித்தான், தூண் எழுந்தது, அதே கேட்ரியோனா வந்து ஏற்றினார். சோச்சி நிறைவு விழாவில் நடனக்காரர்கள் வேண்டுமென்றே ஒரு வளையத்தை விரிக்காமல் வைத்திருந்து, கொஞ்சம் காக்கவைத்து விரித்தார்கள், அரங்கமே சிரித்தது. இரண்டு வாரத்தில் ஒரு தோல்வியைக் காட்சியாக மாற்றுவது என்றால் அந்தக் குழு தூங்கியிருக்கவே முடியாது.

கடைசிபெஞ்ச்: பெய்ஜிங்கில் பாதி ஏமாற்று வேலை என்றார்களே?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வானத்தில் காலடிகளாக வெடித்த வாணவேடிக்கை நிஜமாகவே நடந்தது, டிவியில் வந்ததில் பெரும்பகுதி முன்கூட்டியே கணினியில் செய்து வைத்தது. இருட்டில், புகையில் ஹெலிகாப்டரை விட முடியாது என்கிற காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு சிறுமி பாட, இன்னொரு சிறுமியை மேடையில் நிறுத்தி வாயசைக்க வைத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பாடிய குழந்தைக்கு ஏழு வயது. முதலாவது தொழில்நுட்பம், இரண்டாவது கொடுமை. அதே விழாவில் 2008 பேர் சேர்ந்து முரசு அடித்தார்களே, அதில் ஒரு பொய்யும் இல்லை, அதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

வில்லாளன்: பார்சிலோனாவில் அம்பு நிஜமாகக் கொப்பரையில் விழுந்ததா?

இல்லை, மேலாகத் தாண்டி மைதானத்துக்கு வெளியே போனது. அப்படித்தான் திட்டம். அண்டோனியோ ரெபோல்லோ என்கிற பாராலிம்பிக் வில்லாளர் எய்த நெருப்பு அம்பு கொப்பரைக்கு மேலே போகிற கணத்தில் வாயுவைப் பற்றவைத்தார்கள். குறி தவறினாலும் ஜோதி எரியும். 1992இல் நடந்ததை இன்றும் பேசுகிறோம்.

புறாக்கூடு: புறா பறக்க விடுவதை ஏன் நிறுத்தினார்கள்?

1988 சியோலில் பறக்கவிட்ட புறாக்களில் சில கொப்பரை விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டன, அப்போது தீ மூட்டினார்கள். அதற்கு மேல் சொல்ல வேண்டாம். இப்போது காகிதப் புறா, துணிப் புறா, ஒளிப் புறா.

கணக்கன்: செலவு பற்றிச் சொல்லவே இல்லையே?

லண்டனில் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டுக்கும் சேர்த்து நான்கு விழாக்கள், அதற்கான அரசுப் பணம் 81 மில்லியன் பவுண்டாக இரட்டிப்பானது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் மைதானத்தின் மேல் மிதந்த ஹீலியம் பலூனுக்கு மட்டும் சுமார் 40 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. பெரிய கண்ணாடித் திரை மாதிரி அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே பொருளில் அவ்வளவு பணத்தைக் கட்டினால், அது தொங்கிக்கொண்டே இருக்கிறது என்பதற்காக எல்லாக் காட்சியையும் அதைச் சுற்றியே யோசிக்க வேண்டிவரும். நானாக இருந்தால் அதில் பாதியை ஒத்திகை நாள்களுக்குக் கேட்டிருப்பேன்.

மல்லிப்பூ: நிறைவு விழா மட்டும் ஏன் எப்போதும் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது?

நேரம் இல்லை அம்மா. லண்டனில் ஆகஸ்ட் 11 இரவு வரை அதே மைதானத்தில் தடகளம் நடந்தது, உசைன் போல்ட் தொடர் ஓட்டம் ஓடினார். மறுநாள் இரவு நிறைவு விழா. ஒரு நாளைக்கும் குறைவான நேரத்தில் ஓடுபாதையை மூடி, பிரிட்டிஷ் கொடி வடிவத்தில் மேடை கட்டி, விளக்கு சரிபார்த்து, மாரத்தான் பதக்கமும் அங்கேயே கொடுக்க வேண்டும். அதனால்தான் நிறைவு விழா என்றால் பாட்டுக் கச்சேரியாகப் போய்விடுகிறது, பாடகர்கள் தயாராகவே வருவார்கள்.

ஆனால் அங்கே ஓர் அழகான விஷயம் உண்டு. வீரர்கள் நாடு வாரியாக வராமல் கலந்து வருவார்கள். 1956 மெல்போர்னில் ஜான் இயன் விங் என்கிற பதின்வயதுப் பையன் அமைப்பாளர்களுக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதினான், கடைசி நாளில் எல்லாரும் ஒரே தேசமாக நடக்கட்டும் என்று. அந்த யோசனையை ஏற்றார்கள், இன்றுவரை அப்படியே நடக்கிறது. எத்தனை கோடி செலவழித்தாலும் ஓர் இயக்குநருக்கு இதைவிட நல்ல காட்சி தோன்றியிருக்காது.

வண்டிக்காரன்: நம் ஊரில் இப்படி ஏதாவது நடந்ததா?

2022 செஸ் ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடக்க வேண்டியது, உக்ரைன் போருக்குப் பிறகு மாறிச் சென்னைக்கு வந்தது. கையில் கிடைத்தது நான்கு மாதம். ஜூலை 28 அன்று நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா, விக்னேஷ் சிவன் இயக்கம், போட்டியின் சின்னமாக வேட்டி சட்டையில் 'தம்பி' குதிரை. போட்டி மாமல்லபுரத்தில், விழா நகரத்தில், ஆக அத்தனை நாட்டு வீரர்களையும் பேருந்தில் ஏற்றி ஈ.சி.ஆரில் கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோக வேண்டும். மேடையில் லிடியன் நாதஸ்வரத்தின் பியானோவைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள், நான் அந்தப் பேருந்துகளுக்கு அட்டவணை போட்டவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர்_உடுமலை: கடைசியாக என் கேள்வி சார். வட்டார விளையாட்டுப் போட்டி, 400 பிள்ளைகள், சிறப்பு விருந்தினர் எப்போதும் தாமதம். எதையாவது ஒன்றை மாற்றலாம் என்றால் எதை?

பிள்ளைகளை ஒன்பது மணிக்கே வெயிலில் வரிசையில் நிறுத்துவதை. நிழலில் பள்ளி வாரியாக உட்காரவையுங்கள், ஒவ்வொரு பள்ளிக்கும் தரையில் சுண்ணாம்பால் ஓர் எண் போட்டுவிடுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து எண்ணுக்குப் போய் நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று முந்தின நாள் ஒரு தடவை பாருங்கள், அநேகமாக நான்கு நிமிடம் ஆகும். விருந்தினரின் வண்டி மெயின் ரோட்டைத் தாண்டியதும் உங்களுக்கு போன் பண்ண ஓர் ஆளை அங்கே நிறுத்துங்கள். அந்த போன் வந்த பிறகு விசில் ஊதினால் போதும்.