குழந்தைக்கு ஒரு மின்வாசிப்பான் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. படப்புத்தகங்களிலிருந்து அத்தியாயம் பிரித்த கதைநூல்களுக்கு வந்துவிட்டான். தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கிறான். அவனுக்குத் தனியாக ஒரு மின்வாசிப்பான் (கிண்டில் போல மின்னூல் வாசிப்பதற்கென்றே உள்ள கருவி) வாங்கலாமா, வீட்டிலிருக்கும் டேப்லெட்டே போதுமா என்று எனக்கும் கணவருக்கும் ஒரு மாதமாகப் பேச்சு நடக்கிறது. வண்ணத்திரை தேவையா? குழந்தைகளுக்கென்றே விற்கப்படும் பதிப்பைத்தான் வாங்க வேண்டுமா? வாங்கினால் அதை எப்படி அமைத்துக் கொடுப்பது? தாளில் வாசிக்கும் பழக்கம் போய்விடுமோ என்பதுதான் என்னுடைய பெரிய பயம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வாங்கிக் கொடுங்கள். டேப்லெட் போதாது என்றே நினைக்கிறேன். டேப்லெட்டில் கதையும் இருக்கும், கதையை விட்டு ஓடுவதற்கான வழிகளும் பக்கத்திலேயே இருக்கும். எட்டு வயதுக் குழந்தை கதையில் சற்று மந்தமான இடம் வந்ததும் வெளியே போய்விடும். அந்த மந்தமான இரண்டு பக்கங்களைக் கடந்துபோகப் பழகுவதுதான் வாசிப்புப் பயிற்சியில் பாதி. மின்வாசிப்பானில் போவதற்கு வேறு இடம் கிடையாது. நல்ல மின்வாசிப்பான் என்று நான் சொல்வது அப்படி வேறொன்றுமே செய்யத் தெரியாத ஒரு கருவியைத்தான். அதைத் தேர்ந்தெடுப்பதிலும் அமைப்பதிலும் நீங்கள் செய்யவேண்டியதெல்லாம் அந்த இயலாமையைக் காப்பாற்றுவதே.

திரையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லா வேறுபாடுகளும் அதிலிருந்துதான் வருகின்றன. மின்வாசிப்பானில் இருப்பது மின்மைத் திரை, ஆங்கிலத்தில் ‘இ-இங்க்’ என்பார்கள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்கள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகள்களும் வெள்ளைத் துகள்களும் மிதக்கின்றன. மின்னழுத்தம் மாறும்போது ஒரு நிறம் மேலே வருகிறது, மற்றது கீழே போகிறது. ஒரு பக்கம் உருவான பின் அதை நிறுத்திவைக்க மின்சாரம் தேவையில்லை. பக்கம் மாறும்போதுதான் தேவை. வாரக்கணக்கில் மின்னேற்றம் செய்யாமல் ஓடுவது இதனால்தான். இரவில் எரியும் விளக்கும் டேப்லெட்டைப் போல எழுத்துகளுக்குப் பின்னாலிருந்து கண்ணை நோக்கி வருவதில்லை. ஓரத்திலிருந்து திரையின் மேற்பரப்பில் பரவி, தாளில் படுவதுபோலப் பட்டுத் திரும்புகிறது.

வண்ணம் வேண்டாம் என்பது என் கருத்து. இன்றைய வண்ண மின்மைத் திரைகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைத் திரையின்மேல் நிறவடிகட்டி ஒன்றைப் பதித்துச் செய்யப்படுபவை. கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் துலங்கினால், வண்ணப்படம் 150 புள்ளிகளில்தான் வரும். அந்த வடிகட்டியால் பின்னணியும் சற்று மங்கிச் சாம்பல் பூத்துவிடுகிறது. படங்களின் அழகுக்காக வாங்கும் ஒன்று படங்களையும் முழுதாகத் தராமல் எழுத்தின் வெண்மையையும் குறைக்கிறது. படப்புத்தகமும் சித்திரக்கதையும் தாளிலேயே இருக்கட்டும், ஆறு அங்குலத் திரையில் அவற்றைத் திணிப்பது அவற்றுக்குச் செய்யும் அநியாயம்.

அளவைப் பொறுத்தவரை ஆறு அங்குலமே போதும். 160 கிராமை ஒட்டிய எடை என்பதால் படுத்துக்கொண்டு ஒற்றைக் கையில் பிடித்துப் படிக்கும் குழந்தைக்குக் கை வலிக்காது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குழந்தைகளுக்கான பதிப்பு என்று விற்கப்படுவது பெரும்பாலும் அதே பெரியவர்களின் கருவிதான். கூடவே உறை, நீண்ட உத்தரவாதம், ஒரு சந்தா ஆகியவை வரும். அந்தச் சந்தாவில் உங்கள் மகன் வாசிக்கும் மொழியில் நூல்கள் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் சாதாரணக் கருவியை விளம்பரமில்லாத வகையாகப் பார்த்து வாங்கிக் கெட்டியான உறை போடுங்கள். உறை கட்டாயம் வேண்டும். பல கருவிகளில் மின்மைத் திரைக்கு அடியில் மெல்லிய கண்ணாடி ஒன்று இருக்கிறது. பள்ளிப்பைக்குள் மற்றப் புத்தகங்களின் அழுத்தத்தில் மேலே ஒரு கீறலும் தெரியாமல் உள்ளே அது விரிசல் விட்டுவிடும். பிறகு பாதித் திரை ஒரே பக்கத்தில் உறைந்து நின்றுவிடும்.

தமிழில் வாசிக்கும் குழந்தைக்கு இன்னொரு சோதனை உண்டு. வாங்குவதற்கு முன்பு அந்தக் கருவியில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து ‘கொக்கு’, ‘தோணி’, ‘பௌர்ணமி’ போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் சரியாக விழுகின்றனவா, அல்லது இடம் மாறிப் புள்ளிவட்டத்தோடு தொங்குகின்றனவா? பெரியவர்கள் அந்தப் பிழையைத் தாண்டி வாசித்துவிடுவோம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். கடையில் வாங்கிய மின்னூல் ஒன்று, நீங்களே ஏற்றும் ஈபப் (EPUB எனும் மின்னூல் வகை) கோப்பு ஒன்று என இரண்டிலும் பார்ப்பது நல்லது. பிடிஎஃப் கோப்புகளை அவனுக்குக் கொடுக்காதீர்கள். அவை தாளின் அளவுக்கு வடிவமைக்கப்பட்டவை. சிறிய திரையில் எழுத்து எறும்பாகிவிடும், எழுத்தை மட்டும் பெரிதாக்கினால் வரி அதற்கேற்ப மடங்கிக்கொள்ளாது.

இனி அமைப்பு. உங்கள் கணக்கிலேயே பதிவு செய்து, அவனுக்குக் குழந்தைக்கான பிரிவு ஒன்றை உருவாக்குங்கள். கருவிக்குள் இருக்கும் மின்னூல் கடை, இணைய உலாவி இரண்டையும் கடவெண்ணால் பூட்டுங்கள். நூல்களை இறக்கி முடித்ததும் வைஃபையை அணைத்துவிடுங்கள். இதெல்லாம் பதினைந்து நிமிட வேலை.

எழுத்தின் அளவை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனையே சத்தமாக வாசிக்கச் சொல்லி அமையுங்கள். வரி தவறி இறங்குகிறான் என்றால் எழுத்தைவிட வரி இடைவெளியைக் கூட்டிப் பாருங்கள். தமிழுக்கு இன்னொன்றும் செய்ய வேண்டும்: இருபுறமும் சமமாக நிறுத்தும் வரியமைப்பை விட்டுவிட்டு, இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கும்படி மாற்றுங்கள். ‘சொல்லிக்கொண்டிருந்தார்களாம்’ என்று ஒட்டிக்கொண்டே நீளும் சொற்கள் நம் மொழியில் ஏராளம். பெரிய எழுத்தில் ஒரு வரிக்கு மூன்று சொற்கள்தான் கொள்ளும். அதை இருபுறமும் இழுத்து நிறுத்தினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழுந்து, குழந்தையின் பார்வை அந்த ஓட்டையில் இடறி நிற்கும்.

அடுத்து நான் சொல்லப்போவதை நீங்கள் சிறிய விஷயமாக நினைக்கக்கூடும். எனக்கு அதுதான் பெரியது. வாசித்த சதவீதம், மீதமுள்ள நிமிடங்கள், நாள் இலக்கு, பதக்கங்கள் ஆகிய எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். என் தங்கை மகளுக்கு ஒன்பது வயதில் நான்தான் இந்தக் கருவியை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவள் பின்னால் நின்று பார்த்தேன். ஒரு பக்கம் புரட்டுவாள். கண் நேராகத் திரையின் கீழ்மூலைக்குப் போகும். எண் மாறவில்லையென்றால் அடுத்த பக்கத்தை இன்னும் வேகமாகப் புரட்டுவாள். கதை என்னம்மா ஆயிற்று என்று கேட்டேன். “மாமா, 34 சதவீதம்” என்றாள். கதையில் நாய் தொலைந்துபோயிருந்தது, அதை அவள் கவனிக்கவே இல்லை. அன்றிரவே அந்த எண்ணை மறைத்துவிட்டேன். இரண்டு நாள் சிணுங்கினாள், பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி வாசித்தாள். எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம், வாங்கிய அன்றே நான் அதைச் செய்யாமல் விட்டது. பிற வாசகர்கள் அடிக்கோடிட்ட வரிகளைக் காட்டும் வசதியையும் அதோடு சேர்த்து அணையுங்கள். தனக்குப் பிடித்த வரியை அவனே கண்டுபிடிக்கட்டும். அகராதியை மட்டும் விட்டுவையுங்கள். சொல்லின்மேல் விரலை அழுத்தினால் பொருள் வருவது குழந்தைக்கு நிஜமான உதவி.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. 2019இல் வெளியான ஆய்வொன்றில் 50 பேருக்கு 28 பக்க நீளமுள்ள ஒரே கதையைக் கொடுத்தார்கள், பாதிப் பேருக்குத் தாளில், பாதிப் பேருக்குக் கிண்டிலில். பெரும்பாலான கேள்விகளில் இரு சாராரும் ஒன்றுபோலவே விடை சொன்னார்கள். ஆனால் எந்த நிகழ்ச்சி முன்னால் நடந்தது, எது பின்னால் என்று காலவரிசை கேட்டபோது தாளில் வாசித்தவர்கள் தெளிவாக இருந்தார்கள். அவர்கள் பெரியவர்கள், உங்கள் மகன் குழந்தை என்றாலும் என் அனுபவத்துக்கு இது பொருந்துகிறது. தாளில் வாசிக்கும்போது இடக்கையில் பக்கங்கள் ஏறுவதும் வலக்கையில் இறங்குவதும் கதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று விரலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கருவியில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே கனம். ஆகவே பாடநூலும், திரும்பத்திரும்பப் புரட்ட வேண்டிய நூல்களும் தாளிலேயே இருக்கட்டும். கருவியில் கதை வாசித்தால், இரவு அவனிடம் “அதற்கு முன்னால் என்ன நடந்தது?” என்று கேளுங்கள். பரீட்சையாகக் கேட்காமல், உங்களுக்குக் கதை தெரியாத ஆவலோடு கேளுங்கள். அவன் ஒரே கதையை மறுபடி மறுபடி வாசிக்கிறான் என்றால் அந்த நூலைத் தாளில் வாங்கி அலமாரியில் வையுங்கள்.

ஆயிரக்கணக்கான நூல்கள் கொள்ளும் என்பதற்காக நிரப்பிக் கொடுக்காதீர்கள். நீளமான பட்டியலில் குழந்தை தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்து நகர்ந்துகொண்டே இருக்கும். ஐந்து போதும், அவற்றில் மூன்றை அவனே தேர்ந்தெடுக்கட்டும். கையில் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சில பக்கங்களுக்கு ஒருமுறை திரை கறுத்து மின்னி மீளும், முந்தைய பக்கத்தின் நிழலைத் துடைப்பதற்காக அது அப்படிச் செய்கிறது. தங்கை மகள் அதை முதல்முறை பார்த்தபோது கருவியை உடைத்துவிட்டோம் என்று பயந்து, அதை மூடித் தலையணைக்கடியில் ஒளித்துவைத்துவிட்டு அன்று மாலை முழுவதும் யாரிடமும் பேசாமல் இருந்தாள்.

அன்புடன்,
மீ.