துரியான் பெலாண்டா இலைக் கஷாயம் புற்றுநோயைக் குணமாக்குமா?

அம்மாவுக்குக் குடல் புற்றுநோய், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. துரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலை கீமோவை விடப் பத்தாயிரம் மடங்கு சக்தி வாய்ந்தது என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வருகிறது, கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கீமோ முடியும்வரை கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

அந்தப் பத்தாயிரம் முழுப் பொய் இல்லை. அதனால்தான் இத்தனை வருடமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1996இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இந்தப் பழத்தின் விதையிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்த ஒரு வகைக் குடல் புற்றுச் செல்கள்மேல் அது அட்ரியாமைசின் என்ற கீமோ மருந்தை விடப் பத்தாயிரம் மடங்கு வீரியம் காட்டியது. புலனத்துக்கு வந்து சேர்வதற்குள் விதை இலையாகிவிட்டது, செல் நோயாளியாகிவிட்டது.

நம் மலாயாப் பல்கலைக்கழகமும் இதில் இறங்கியிருக்கிறது. 2014இல் இலைச் சாற்றைக் குடல் புற்றுச் செல்களில் போட்டுப் பார்த்தார்கள், செல்கள் மடிந்தன. அடுத்த ஆண்டு எலிகளிலும் நல்ல முடிவு வந்தது. உருப்படியான வேலைதான். ஆனால் அவர்கள் சாறு இறக்கியது எத்தில் அசிட்டேட்டில். நகப்பூச்சைத் துடைக்கும் திரவத்தில் இருக்கும் அதே கரைப்பான். நம் அடுப்பில் கொதிப்பது வெறும் தண்ணீர். எந்த இலையில் எவ்வளவு இறங்கியது என்று யாருக்குத் தெரியும்?

சரி, இறங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இதிலுள்ள அனோனாசின் போன்ற பொருள்கள், செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கித்தான் வேலை செய்கின்றன. மூளை நரம்புச் செல்லுக்கும் அதே மைட்டோகாண்ட்ரியாதான். கரீபியனில் குவாடலூப் என்ற தீவில், வழக்கமான மருந்துக்குச் சரியாகக் கேட்காத ஒரு வகைப் பார்க்கின்சன் நோய் வழக்கத்துக்கு மீறி இருப்பதை 1999இல் கண்டார்கள். அந்த நோயாளிகள் இந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் வருடக்கணக்காகச் சாப்பிட்டவர்கள். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் எலிகளுக்கு அனோனாசினைச் செலுத்தியபோதும் மூளையில் சேதம் தெரிந்தது.

செந்தூலில் என் சித்திக்கு மார்பகப் புற்று வந்தபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய காய்ந்த இலை, மூன்று குவளை ஒரு குவளையாகச் சுண்டும்வரை கொதித்து, வீடு முழுக்கப் பச்சை வாடை. “வெறும் இலைதானேப்பா, என்ன கெடுதல்?” என்பார். பொட்டலத்தை ஆஸ்பத்திரி மருந்தாளுநரிடம் காட்டினோம். “அம்மா, ஒவ்வொரு கீமோவுக்கு முன்னாலயும் இரத்தம் எடுத்து ஈரலைப் பார்க்கிறோம். அளவு ஏறிட்டா, மருந்தாலயா இலையாலயான்னு எங்களுக்கே தெரியாது. கீமோவைத் தள்ளிப்போட வேண்டி வரும்” என்றார். குவாடலூப்பையெல்லாம் நான் சொல்லிக் கேட்காத சித்தி, தேதி தள்ளிப்போகும் என்றதும் நிறுத்திவிட்டார்.

செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வந்தது. 1963 முதல் இரத்தப் புற்றுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஓரிரு மில்லிகிராம், அதுவும் இரத்தக்குழாய் வழியாக மட்டும். நித்தியகல்யாணி இலையைக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொல்லும் மருத்துவர் யாரும் இல்லை.

பழம் ஒன்றிரண்டு துண்டு வாய்க்கு ருசியாகச் சாப்பிட ஆசைப்பட்டால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள், விதையை எடுத்துவிட்டு. அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), இரத்த அழுத்தம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த இலை இரத்தச் சர்க்கரை, அழுத்தம் இரண்டையும் இறக்கும் என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. மாத்திரையாக விற்பவர்கள் டப்பாவில் ‘மால்’ பதிவு எண் இருக்கிறது என்பார்கள். அது பதிவு செய்த பொருள் என்பதற்குத்தான் அடையாளம், புற்றைக் குணமாக்கும் என்பதற்கு இல்லை. அப்படி விளம்பரம் செய்வதையே 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் இங்கே மலேசியாவில் தடுக்கிறது. ஏற்கெனவே கொடுக்க ஆரம்பித்திருந்தால், அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு முன்பே பொட்டலத்தோடு போய்ச் சொல்லிவிடுங்கள். திட்டமாட்டார்கள்.