பீப்பாயில் குமிழி வருமா?

கேள்வி: பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் சிறு திராட்சைத் தோட்டக்காரக் குடும்பங்கள் சில ஓக் பீப்பாயில் ஒயினை நொதிக்க வைக்கின்றனவாமே, குமிழியும் அதிலேயே உண்டாகிறதா?

பதில்: இல்லை, குமிழிக்கு வேண்டிய வாயு அழுத்தத்தை மரம் தாங்காது. பீப்பாயில் நடப்பது முதல் நொதிப்பு மட்டுமே. அதில் உண்டாகும் கரியமில வாயு வெளியேறிவிடும். பிறகு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் அடைப்பார்கள். அங்கே மறுபடி நொதிக்கும்போதுதான் 6 வளிமண்டல அழுத்தம் பிறக்கிறது. சர்க்கரை அளவு மீறினால் பாட்டில் வெடிக்கும்.

பீப்பாய் தருவது வேறு. மரத்தின் வழியே மெல்லக் கசியும் ஆக்சிஜன் ஒயினின் முரட்டுத்தனத்தைக் குறைக்கும். புது மரம் வேண்டவே வேண்டாம். வெனிலா வாசம் திராட்சையை அமுக்கிவிடும். பலமுறை பயன்பட்ட 205 லிட்டர் பீப்பாயே நல்லது. ஆவியாகிக் குறையக் குறைய விளிம்புவரை நிரப்ப வேண்டும். விட்டால் வினிகர் வாடைதான்.

லேபிளில் பொடியெழுத்தில் 'ஆர்.எம்.' (RM, récoltant-manipulant என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம்) என்றிருந்தால், தோட்டக்காரர்கள் சொந்தத் திராட்சையில் தாங்களே தயாரித்தது. அதை வைத்து ரசாயனமில்லா விவசாயம் என்று முடிவுகட்டாதீர்கள்.