அடுக்குமாடியில் கரண்ட்: டர்பனிலிருந்து சில பதில்கள்

தென்னாப்பிரிக்காவில் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, டர்பனில் கட்டட நிர்வாகக் கணக்குகளைப் பார்க்கும் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

அண்ணா, பக்கத்துக் கட்டடத்தில் வேறு கம்பெனி டோக்கன் (ப்ரீபெய்டு மீட்டரில் அடிக்கும் ரீசார்ஜ் எண்) விற்கிறது, செலவும் குறைவாம். என் வீட்டை மட்டும் அதற்கு மாற்றலாமா? (உம்ஷ்லங்கா)

முடியாது. எத்தெக்வினி (அதாவது டர்பன்) மாநகராட்சியின் மின்சாரம் உங்கள் கட்டடத்துக்குப் பொது மீட்டர் வழியாக வருகிறது. வீட்டு மீட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியை பாடி கார்ப்பரேட்தான் (கட்டடத்தின் வீட்டு உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பு) அமர்த்துகிறது. யூனிட் விலையை அந்தக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு ஏற்றக்கூடாது. நேரடியாக மாநகராட்சியிடம் வாங்கினால் ஆகும் விலையைத் தாண்டக்கூடாது என்பது தேசிய எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான நெர்சாவின் நிலை. வித்தியாசம் பெரும்பாலும் சேவைக் கட்டணத்தில் ஒளிந்திருக்கும். டோக்கன் ரசீதில் யூனிட்டும் 15% வாட் வரியும் போக வேறென்ன பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

எங்களுக்கு ப்ரீபெய்டு மீட்டர் வரப்போகிறதாம். டிரஸ்டிகள் (உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவினர்) ஒப்பந்தமே போட்டுவிட்டார்கள் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது? (ஜோகன்னஸ்பர்க்)

இங்கேதான் உங்களுக்கு உண்மையான தேர்வு இருக்கிறது, பலரும் கோட்டைவிடுவதும் இங்கேதான். செக்ஷனல் டைட்டில் (அடுக்குமாடியில் தனித்தனி வீட்டு உரிமை) நிர்வாக விதிகளின்படி, டிரஸ்டிகள் தாங்களாக முடிவெடுத்து ப்ரீபெய்டு மீட்டர் வைக்க முடியாது. சிறப்புத் தீர்மானம் வேண்டும்: வாக்களிப்போரில் எண்ணிக்கையிலும் மதிப்பிலும் 75%. அதற்கு 60 நாள் முன்பே உரிமையாளர், வாடகைக்காரர் எல்லோருக்கும் அறிவிப்பு தர வேண்டும். பொருத்தும் செலவு எவ்வளவு, அடுத்த மூன்று ஆண்டுகளில் கரண்ட் செலவு எப்படி மாறும் என்ற மதிப்பீடும் அதில் இருக்க வேண்டும். உங்களுக்கு அப்படி ஏதாவது வந்ததா? வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் இப்படிப்பட்ட குடியிருப்புத் தகராறுகளைத் தீர்க்கும் அரசு அமைப்பான கம்யூனிட்டி ஸ்கீம்ஸ் ஆம்பட் சேவையில் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, விலகினால் மீட்டர் யாருக்குச் சொந்தம் என்ற இரண்டையும் விடாதீர்கள். மீட்டர் கம்பெனிக்கே சொந்தம் என்றிருந்தால் பிறகு வேறு கம்பெனிக்குப் போவது குதிரைக்கொம்புதான்.

பாட்டியின் ப்ளாட் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்தது. இப்போது மீட்டர் எந்த டோக்கனையும் ஏற்கவில்லை. (சாட்ஸ்வர்த்)

மீட்டரில் கோளாறு இருக்காது. இந்த வகை மீட்டர்கள் 1993-இலிருந்து நிமிடங்களை எண்ணி டோக்கனைச் சரிபார்ப்பவை. அந்த எண்ணிக்கை 24 நவம்பர் 2024 அன்று நிரம்பிவிட்டது. வீடு பூட்டியிருந்ததால் உங்கள் மீட்டர் அதற்கு முன் புதுப்பிக்கப்படாமல் போயிருக்கும். டோக்கன் விற்பவரிடம் மீட்டரின் ரகசியக் குறியீட்டை மாற்றும் எண்களை (கீ சேஞ்ச் டோக்கன்) கேளுங்கள்: தலா 20 இலக்கத்தில் இரண்டு, அதே வரிசையில் அடிக்க வேண்டும். முன்பு வாங்கி, போடாமல் வைத்த டோக்கன் அப்புறம் செல்லாது.

லெவி (மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம்) பாக்கி என்று கரண்ட்டை நிறுத்துவோம் என்கிறார்கள்...

லெவி பாக்கியை வசூலிக்க வழக்கு, ஆம்பட் சேவை என்று வழிகள் இருக்கின்றன. நீதிமன்ற உத்தரவில்லாமல் ஒயரைக் கழற்றினால், உடனே வக்கீலைப் பாருங்கள்.

பால்கனியில் சோலார் மாட்டலாமா, ஐயா?

வெளித்தோற்றம் மாறுவதால் டிரஸ்டிகளின் எழுத்து அனுமதி வேண்டும். மொட்டைமாடி என்றால் அது பொதுச் சொத்து, பாடி கார்ப்பரேட்டைத்தான் கேட்க வேண்டும். கட்டட ஒயரிங்கோடு இணைப்பதானால் மாநகராட்சியிலும் பதிவு செய்யுங்கள். லோட்ஷெடிங் (முறைவைத்து நிறுத்தும் மின்வெட்டு) நேரத்துக்கு வைஃபையும் இரண்டு விளக்கும் போதுமென்றால், சுவர் பிளக்கில் சார்ஜ் ஏறும் சின்ன பேட்டரி பெட்டி போதும். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.